வீடுகள் முன்னே, வடிகால் பின்னே

புறநகர் ஒன்றில் புதிதாக ஆயிரம் வீடுகள் வரப்போகின்றன என்ற அறிவிப்பு வெளியானால், அடுத்து என்ன நடக்கும் என்பதை ஏறக்குறைய எந்த நாட்டிலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கருத்துக்கேட்புக் கூட்டம் நிரம்பி வழியும். சாலை தாங்காது, பள்ளியில் இடமில்லை, தண்ணீர் போதாது, வெள்ளம் வரும், ஊரின் முகமே மாறிவிடும் என்று ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள். கட்டுமான நிறுவனத்தின் சார்பில் வந்தவர் ஒரு போக்குவரத்து ஆய்வறிக்கையை விரித்து, பாதிப்பு ஏற்கத்தக்க அளவில்தான் இருக்கும் என்பார். அதிகாரிகள் குறித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடும். சில வீடுகள் குறையும், ஒரு பூங்கா கூடும்.

எழுந்து பேசியவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்று ஒதுக்குவது ஒரு வழக்கம். அவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்பது இன்னொரு வழக்கம். இரண்டிலும் உழைப்பு குறைவு. அந்தப் புகார்களில் சில, கூட்டிக் கழித்துச் சரிபார்க்கக்கூடிய பொறியியல் உண்மைகள். சில அரை உண்மைகள். சிலவற்றின் பின்னால் சொல்லப்படாத வேறு காரணங்கள் நிற்கின்றன. பிரித்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது: எத்தனை வீடுகள் என்பதைப் பற்றித்தான் சண்டை நடக்கிறது, ஆனால் துன்பத்தின் பெரும்பகுதி வேலைகள் நடக்கும் வரிசையால் வருகிறது. எது முதலில் கட்டப்படுகிறது, எது பிந்துகிறது, இடைப்பட்ட ஆண்டுகளை யார் பொறுத்துக்கொள்வது, கடைசியில் யார் செலவழிப்பது என்பதே கேள்வி.

மழைநீரிலிருந்து தொடங்கலாம். புகார்களில் எளிதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது அதுதான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் 5 லட்சம் லிட்டர். அந்த ஹெக்டேர் வயலாகவோ புல்வெளியாகவோ இருந்தவரை, மண்ணையும் சரிவையும் பொறுத்து, அதில் 10 முதல் 30 விழுக்காடு வரை வழிந்தோடும் என்று வடிகால் பொறியாளர்கள் பொதுவாகக் கொள்வார்கள். கூரைக்கும் தார்ச்சாலைக்கும் அதே கணக்கு 75 முதல் 95 விழுக்காடு. வயலுக்கு 20, கூரைக்கும் சாலைக்கும் 90 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பாதி நிலம் கூரையும் சாலையுமாக மாறினால், முன்பு 1 லட்சம் லிட்டர் ஓடிய இடத்திலிருந்து இரண்டே முக்கால் லட்சம் லிட்டர் ஓடும். அளவு கூடுவதோடு வேகமும் கூடுகிறது. மண்ணில் ஊறி, புல்லில் தடைபட்டு மணிக்கணக்கில் வந்த நீர், குழாய் வழியே சில நிமிடங்களில் வந்து சேர்கிறது. ஓடையின் உச்ச அளவைத் தீர்மானிப்பது இந்த வேகம்தான். நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏறக்குறைய 10 விழுக்காடு நிலம் மூடப்பட்டாலே ஓடைகளின் உயிர்ச்சூழல் சீர்கெடத் தொடங்குவதாக 1990களிலிருந்து ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள்.

இதற்கு மாற்றாக ஒவ்வொரு மனைப்பிரிவும் தன் எல்லைக்குள் ஒரு தேக்கக் குளம் வெட்ட வேண்டும் என்பது பல இடங்களில் விதி. நல்ல விதிதான், ஓட்டை அதற்குள்ளேயே இருக்கிறது. குளம் நீரைக் குறைப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. பத்துக் குளங்கள் தனித்தனிக் கணக்கில் வெட்டப்பட்டு, பத்தும் தாமதித்து விட்ட நீர் கீழே ஒரே நேரத்தில் சேர்ந்தால், குளமே இல்லாதிருந்த நிலையைவிட உச்சம் அதிகமாகிவிடவும் கூடும். எந்தத் தனித் திட்டத்தின் அறிக்கையிலும் இது தெரியாது. ஒவ்வோர் அறிக்கையும் தன் நிலத்தை மட்டும் பார்த்து 'சிறு பாதிப்பு' என்று எழுதும். அத்தனை சிறு பாதிப்புகளையும் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இருக்காது. போதாக்குறைக்கு, புதிய மனைகள் மண் கொட்டி உயர்த்தப்படுகின்றன. முன்பு மேட்டில் இருந்த பழைய தெரு, வீடு ஒன்றுகூட இடம் மாறாமலே, பள்ளத்துக்கு வந்துவிடுகிறது. 'எங்கள் தெருவில் இதற்கு முன் தண்ணீர் நின்றதே இல்லை' என்று பழைய குடியிருப்பாளர் சொல்லும்போது, பெரும்பாலும் அவர் மிகைப்படுத்தவில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகருக்கு மேற்கே நடந்தது இதன் உச்சம். நகரை வெள்ளத்திலிருந்து காக்க 1940களில் ராணுவப் பொறியாளர் படை ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரு நீர்த்தேக்கங்களைக் கட்டியது. சாதாரண நாள்களில் அவை வறண்டே கிடக்கும். நிரம்பினால் நீர் எதுவரை ஏறும் என்று வரைபடத்தில் தெரிந்தும், அந்த நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. மீதி தனியார் கையில் இருந்தது. பிறகு அதில் மனைப்பிரிவுகள் எழுந்தன. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கொட்டித் தீர்த்தபோது, தேக்கத்தின் உள்ளேயே இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளில் நீர் புகுந்தது. தாங்கள் குடியிருப்பது நீர்த்தேக்கத்துக்குள் என்பதே அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது. அவர்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு அரசு பொறுப்பு என்று 2019இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டியவர்கள் விற்றுவிட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது.

சாலை

வெள்ளத்தைவிட அதிகம் பேசப்படுவது போக்குவரத்து நெரிசல். இதில் மக்களின் உணர்வு சரி. அவர்கள் கேட்கும் தீர்வு பெரும்பாலும் தவறு.

தனி வீடுகள் கொண்ட ஒரு புறநகரில் வீட்டுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 10 வாகனப் பயணங்கள், உச்ச நேரத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒன்று என்பது அமெரிக்கப் பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. கார் குறைவாக உள்ள நாடுகளில் எண் மாறும், தர்க்கம் மாறாது. 500 வீடுகள் என்றால் உச்ச நேரத்தில் 500 வாகனங்கள். சிக்னல் உள்ள சந்திப்பில் ஒரு தடத்துக்குப் பாதி நேரம் பச்சை விழுந்தால் மணிக்கு 900 வாகனங்கள் அளவில்தான் கடக்க முடியும். அந்தத் தடத்தில் ஏற்கெனவே 800 போய்க்கொண்டிருந்தால் கதை முடிந்தது. ஆய்வறிக்கை 'போக்குவரத்து சில விழுக்காடு மட்டுமே கூடும்' என்று எழுதலாம். அதில் பொய் இருக்காது. ஆனால் காத்திருக்கும் நேரம் வாகன எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. பாதி நிரம்பிய சாலையில் 5 விழுக்காடு கூடினால் யாருக்கும் தெரியாது. நிரம்பும் தறுவாயில் உள்ள சாலையில் அதே 5 விழுக்காடு, வரிசையை முந்தைய சந்திப்பு வரை நீட்டிவிடும். கடைசியாக வந்த குடியிருப்பின் மீது எல்லாப் பழியும் விழுவதற்கும் இதுதான் காரணம். இடத்தை உண்மையில் தின்று தீர்த்தவை அதற்கு முன் வந்த பத்துக் குடியிருப்புகள்.

சாலையை அகலப்படுத்து என்ற கோரிக்கை இங்கேதான் எழுகிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஆண்டனி டவுன்ஸ் 1962இலேயே எச்சரித்தார்: அகலப்படுத்திய சாலை நெரிசல் நேரத்தில் மீண்டும் நிரம்பும். பொருளியல் ஆய்வாளர்கள் ஜில் துராந்தோன், மேத்யூ டர்னர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பெருநகரங்களில் நெடுஞ்சாலைத் தடங்கள் கூடிய விகிதத்திலேயே ஓட்டப்படும் தூரமும் கூடியதாகக் காட்டியது. புறநகரின் தெரு அமைப்பும் சேர்ந்து கெடுக்கிறது. முட்டுச்சந்துகளாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே பிரதான சாலையில் கொண்டுவந்து விட்டால், பின்தெருவில் இருப்பவரைப் பார்க்கப் போகவும் பிரதான சாலைக்கு வந்தாக வேண்டும். இரண்டு குடியிருப்புகளை இணைக்க ஒரு தெருவைத் திறந்துவிட்டால் சுமை பிரியும். அதையும் இரு பக்கத்தாரும் எதிர்ப்பார்கள், தங்கள் தெரு குறுக்குவழி ஆகிவிடும் என்று. கடை, மருத்துவமனை, பள்ளி ஆகியவை நடந்து போகும் தொலைவில் வந்தால் பயணங்களே குறையும். குடியிருப்புப் பகுதிக்குள் கடை எதற்கு என்று அதற்கும் ஓர் எதிர்ப்பு உண்டு. நெரிசலை உண்டாக்குவதில் எதிர்ப்பாளர்களின் பங்கு சிறியதல்ல.

பள்ளியும் மற்றவையும்

புதிய குடியிருப்பில் ஒரே நேரத்தில் ஒரே வயதுக் குடும்பங்கள் வந்து சேர்கின்றன. முதல் சில ஆண்டுகளில் தொடக்கப் பள்ளி பிதுங்கும். தகரக் கூரை வகுப்பறைகள் முளைக்கும். பத்தாண்டில் அந்த அலை மேல்நிலைப் பள்ளிக்கு நகரும். இருபது, இருபத்தைந்து ஆண்டில் பிள்ளைகள் வெளியேறிவிட, பெற்றோர் மட்டும் அதே வீடுகளில் இருப்பார்கள். சண்டை போட்டு வாங்கிய தொடக்கப் பள்ளியை மூடலாமா என்ற பேச்சு வரும். பள்ளிக்கல்வி அதிகாரிகள் புதுக் கட்டடம் கட்டத் தயங்குவதற்கு இது ஓரளவு நியாயமான காரணம். அந்த அலை உயர்ந்திருக்கும் ஆண்டுகளில் படிக்க வேண்டியிருக்கும் குழந்தைகளுக்கு இந்த நியாயத்தால் பயனில்லை. வீடுகளைப் பத்தாண்டுகளில் சிறிது சிறிதாகவும், பல அளவுகளிலும் கட்டினால் வயதுகள் கலந்து அலை தணியும். ஒரே மாதிரி வீடுகளை ஒரே மூச்சில் கட்டி விற்பதுதான் கட்டுபவருக்கு வசதி என்பதால் இது அரிதாகவே நடக்கிறது.

கழிவுநீர் நிலையம் படிப்படியாக வளர்வதில்லை. ஒரு நிலையம் நிரம்பினால் அடுத்த பிரிவைக் கட்ட நிதி, நிலம், அனுமதி, கட்டுமானம் என ஆண்டுகள் பிடிக்கும். வீடுகளோ ஒன்றரை ஆண்டில் எழுந்துவிடும். இடைவெளியில் லாரிகள் ஓடும், அல்லது நீர் ஓடைக்குப் போகும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே 10,000 வீடுகளுக்குத் திட்டமிட்ட நார்த்ஸ்டோ புதுநகரில் முதல் குடும்பங்கள் 2017இல் குடியேறின. பல ஆண்டுகள் கழித்தும் ஒரு கடைகூட இல்லை என்ற செய்தி அந்நாட்டு ஊடகங்களில் திரும்பத் திரும்ப வந்தது. கடை நடத்துபவர் போதிய வாடிக்கையாளர் சேரக் காத்திருக்கிறார்; குடியேற நினைப்பவர் கடை வரக் காத்திருக்கிறார். திட்டமிட்டு, அரசு பின்னால் நின்று எழுப்பிய ஊரிலேயே இந்த நிலை. துண்டு துண்டாக விற்கப்பட்ட மனைப்பிரிவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும்? பெரிய வீட்டுத் திட்டங்கள் ஏன் இவ்வளவு மெதுவாக முடிகின்றன என்று ஆராய இங்கிலாந்து அரசு முன்னாள் அமைச்சர் ஆலிவர் லெட்வினை நியமித்தது. 2018இல் அவர் தந்த அறிக்கையின்படி, அவர் பார்த்த பெருந்திட்டங்கள் முழுதாய் முடியச் சராசரியாக 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. விலை சரியாமல் சந்தை எவ்வளவு வீடுகளை வாங்கிக்கொள்ளுமோ அந்த வேகத்தில்தான் கட்டுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. ஆகவே 'இன்னும் இரண்டே ஆண்டு, தூசி அடங்கிவிடும்' என்று விற்பனை அலுவலகத்தில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஒரு குழந்தையின் பள்ளிப் பருவம் முழுவதும் லாரிச் சத்தத்தில் கழியலாம்.

பணம் எங்கே போகிறது

வரிசை தவறுவதற்கு அடிப்படைக் காரணம் அலட்சியம் என்று பலர் நினைக்கிறார்கள். அலட்சியமும் உண்டு, பெரிய காரணம் பணத்தின் காலக்கணக்கு. வடிகாலும் பள்ளியும் வீடுகளுக்கு முன்பே தேவை. அவற்றுக்கான வரி வருவாய் வீடுகள் நிரம்பிய பின்பே வரும். நடுவில் யாராவது கடன் வாங்கி முன்கூட்டிச் செலவழிக்க வேண்டும். உள்ளாட்சிக்குக் கடன் வாங்கும் வலிமை இராது, அல்லது உரிமை இராது. கட்டுபவர் முதல் வீடுகளை விற்ற பணத்தில்தான் அடுத்த வேலையைச் செய்வார்.

வளர்ச்சிக் கட்டணம் என்ற ஏற்பாடு இந்த இடைவெளியை அடைக்க வந்தது. கலிஃபோர்னியாவில் 1978இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் கட்டி, மதிப்பீட்டின் ஆண்டு உயர்வையும் 2 விழுக்காட்டுக்குள் நிறுத்தியது. பழைய வீட்டுக்காரர்களின் வரி ஏறக்குறைய உறைந்தது. ஊராட்சிகள் புதிய வீடுகளின் மீது கட்டணத்தைச் சுமத்தத் தொடங்கின. பழையவர்கள் அனுபவிக்கும் சாலைக்கும் புதியவர்கள் கட்டுகிறார்கள். 'வந்தேறிகளுக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்' என்ற குரலைக் கேட்கும்போது இந்த மறுபக்கத்தையும் நினைவில் கொள்வது நல்லது.

கட்டணம் வாங்கியாகிவிட்டது என்பதால் பள்ளி வந்துவிடாது. ஒப்பந்தத்தில் 'இத்தனையாவது வீடு நிரம்பும்போது இது கட்டப்பட வேண்டும்' என்று எழுதுவார்கள். அந்த எண்ணுக்குச் சற்று முன்பே கட்டுமானம் மெதுவாகிவிடுவது உண்டு. திட்டம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லிக் கடமையைக் குறைக்கக் கேட்பதும் உண்டு. பிறகு பராமரிப்பு. உள்தெருவைக் கட்டுபவர் போட்டு ஊராட்சியிடம் ஒப்படைக்கிறார். இலவசமாக வந்த சொத்து என்று ஊராட்சியும் மகிழ்கிறது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் அந்தத் தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் மறுபடி போட வேண்டியிருக்கும். அப்போது கைகொடுப்பது அடுத்த மனைப்பிரிவிலிருந்து வரும் புதுக் கட்டணம். கட்டணத்துக்காகவே அனுமதி வழங்கும் பழக்கம் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. இங்கிலாந்தில் இன்னொரு கோணல்: உள்ளாட்சி பல தெருக்களையும் பூங்காக்களையும் ஏற்றுக்கொள்வதே இல்லை; தனியார் நிறுவனம் குடியிருப்பவர்களிடம் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கிறது. அந்நாட்டின் போட்டி, சந்தை ஆணையம் 2024இல் வெளியிட்ட வீட்டுக்கட்டுமானச் சந்தை அறிக்கை இதைப் பெருங்குறையாகச் சுட்டியது.

வரிசையைச் சட்டத்தாலேயே சரிசெய்ய முயன்ற ஊர் ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ராமபோ 1969இல் ஒரு புள்ளி முறையைக் கொண்டுவந்தது. கழிவுநீர், வடிகால், பூங்காவும் பள்ளியும், சாலை, தீயணைப்பு நிலையம் ஆகிய ஐந்தும் எவ்வளவு அருகில் உள்ளன என்பதற்குப் புள்ளிகள். 15 புள்ளிகள் சேர்ந்தால்தான் வீடு கட்ட அனுமதி. ஊரோ 18 ஆண்டுகளில் இவையனைத்தையும் கட்டி முடிப்பதாகத் திட்டம் போட்டது. அவசரம் உள்ளவர்கள் தாங்களே வசதிகளைச் செய்துகொடுத்துப் புள்ளி சேர்க்கலாம். மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1972இல் இதை ஏற்றது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் பெட்டலூமா இன்னும் எளிய வழியில் போனது: ஆண்டுக்கு ஏறத்தாழ 500 வீடுகளுக்கு மேல் இல்லை. அதையும் 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். பெட்டலூமா எண்ணைக் கட்டுப்படுத்தியது. ராமபோ வரிசையைக் கட்டுப்படுத்தியது, கூடவே தன் பங்கு வேலைக்கும் காலக்கெடு வைத்துக்கொண்டது. ஏழைகளை வெளியே நிறுத்தும் வேலி இது என்ற விமர்சனம் ராமபோவின் மீதும் அப்போதே எழுந்தது. 1983இல் ஊர் அந்த முறையைக் கைவிட்டது.

ஃபுளோரிடா 1985இல் இதே கருத்தை மாநிலம் முழுவதற்கும் சட்டமாக்கியது: சாலையில் இடமில்லையென்றால் அனுமதி இல்லை. விளைவு எதிர்பாராதது. சாலையில் இடம் இருந்தது ஊருக்கு வெளியே, வயல்வெளிகளில். கட்டுமானம் அங்கே ஓடியது. பயணத் தூரம் கூடியது. 2011இல் சாலைக்கான அந்தக் கட்டாயத்தை மாநிலம் நீக்கியது. குடிநீர், கழிவுநீர், வடிகால் போன்றவற்றுக்கு அது தொடர்கிறது. எனக்கு இது சரியான பிரிவினையாகவே படுகிறது. வடிகால் இல்லாத வீடு ஆபத்து; நெரிசலான சாலை எரிச்சல்.

கூட்டத்துக்கு வராதவர்கள்

'ஊரின் தன்மை கெடும்' என்ற சொற்றொடரை நான் நம்பத் தயங்குகிறேன். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. குடியிருப்பு, வணிகம், தொழில் என நிலத்தைப் பிரிக்கும் முறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இல் யூக்ளிட் வழக்கில் ஏற்றபோது, தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடியை வெறும் ஒட்டுண்ணி என்று நீதிபதி சதர்லண்ட் எழுதினார். ஒட்டுண்ணி என்றது கட்டடத்தை. அதில் வாடகைக்கு இருக்கப்போகிறவர்களுக்கும் அது கேட்டிருக்கும். 1947இல் தொடங்கி நான்கே ஆண்டுகளில் நியூயார்க் அருகே 17,000க்கும் மேற்பட்ட வீடுகளுடன் எழுந்த லெவிட்டவுன், வேகமான புறநகர் வளர்ச்சிக்கு உலகமே காட்டும் எடுத்துக்காட்டு. கறுப்பினத்தவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். தன்மை என்பது அங்கே தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. இன்று அப்படி எழுத முடியாது. குறைந்தபட்ச மனை அளவு, மாடிகளின் உச்சவரம்பு என்று எழுதலாம்.

எல்லா எதிர்ப்புக்கும் இந்தச் சாயம் பூசுவது அநியாயம். பலருக்கு வீடு ஒன்றே சேமிப்பு. அதன் மதிப்பு இறங்கினால் ஈடுசெய்ய எந்தக் காப்பீடும் கிடையாது. அதனால்தான் வீட்டுக்காரர் தன் ஊர் அரசியலில் இவ்வளவு கவனமாக இருக்கிறார் என்று பொருளியல் அறிஞர் வில்லியம் ஃபிஷெல் விளக்கினார். அச்சம் புரிகிறது. ஆனால் கூட்டத்தில் அந்த அச்சம் மட்டுமே பேசுகிறது. அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் கேத்தரின் ஐன்ஸ்டைன், டேவிட் கிளிக், மேக்ஸ்வெல் பால்மர் மூவரும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 97 ஊர்களின் திட்டக்குழுக் கூட்டப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். வந்து பேசியவர்களில் வயதானவர்கள், ஆண்கள், சொந்த வீடு உள்ளவர்கள் ஆகியோரின் பங்கு ஊரின் சராசரியைவிட அதிகம். பாதிக்கும் மேற்பட்டோர் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் ஏறக்குறைய 15 விழுக்காடு. அந்த வீடுகளில் குடியேறப் போகிறவர்களுக்குக் கூட்டம் நடப்பதே தெரியாது. அவர்கள் இன்னும் அந்த ஊர்க்காரர்களே அல்லர்.

அதோடு, அந்தக் கூட்டம் நடக்கும்போது முக்கிய முடிவு ஏற்கெனவே எடுத்து முடிந்திருக்கும். எந்த நிலம் குடியிருப்பு, எத்தனை அடர்த்தி என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன் முழுமைத் திட்டமும் நிலப்பயன் வரைபடமும் தீர்மானித்துவிட்டன. அந்த வரைபடம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது அலுவலகம் வெறிச்சோடிக் கிடந்திருக்கும். பின்னர் வரும் திட்டத்தை முழுதாக மறுக்க அதிகாரிக்குச் சட்டப்படி இடம் குறைவு. நிபந்தனை போட இடம் அதிகம். எனவே 'வேண்டாம்' என்று பேசுகிறவர்களைவிட நிபந்தனையைப் பற்றிப் பேசுகிறவர்களால்தான் அந்தக் கட்டத்தில் எதையாவது மாற்ற முடிகிறது. வடிகால் எந்த ஓடையில் சேர்கிறது, கடந்த பத்தாண்டில் அதே ஓடைக்கு அனுமதித்த மற்ற மனைப்பிரிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா, கழிவுநீர் நிலையத்தில் இப்போது எவ்வளவு இடம் மீதி, எத்தனையாவது வீட்டுக்கு முன் பள்ளிக்கான நிலம் கைமாற வேண்டும், கட்டுபவர் நிறுத்திவிட்டால் வங்கி உத்தரவாதம் எவ்வளவு, தெருக்கள் கடைசியில் யாருடையவை. இவை எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் கேட்கலாம், அனுமதி ஆணையில் சேர்க்கச் சொல்லலாம். சேர்த்தபின் அந்த ஆணையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நிபந்தனையை மீறினால் முறையிட வேறு ஆவணம் கிடையாது.